மட்டக்களப்பில் ஓடிப் பழகிய ஒருவர் மோசல் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட முடியுமா?

களுவாஞ்சிகுடியில் ஆசிரியையாக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிற கேள்வி இது. வயது 46. பாடசாலைக்குத் தினமும் சைக்கிளில்தான் போய் வருகிறார். வருகிற செப்டெம்பரில் ஜேர்மனியில் கொப்ளென்ஸ் நகரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார். அங்கிருந்து ஒரு வாரம் மோசல் ஆற்றுப் பக்கம் திராட்சைத் தோட்டங்களையும் பழைய கோட்டைகளையும் சைக்கிளிலேயே பார்த்து வர ஆசை. "அது முழுக்க மலை, அக்கா. உங்களால் ஏலாது, காரில் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று தம்பி சொல்லிவிட்டாராம். தனக்கு வைன் குடிக்கும் பழக்கம் இல்லை, அந்த ஊர்களில் தனக்கென்று என்ன இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

ரீச்சர், மேடு என்றால் கல்லடிப் பாலம்தான் என்று வாழ்ந்த கால்கள் மலைக்குத் தாங்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. தாங்கும். நான் கொப்ளென்ஸில் 19 வருடம் இருந்தவன். அதில் 14 வருடம் ஒரு சைக்கிள் திருத்தும் பட்டறையில் வேலை செய்தேன். வாடகைச் சைக்கிள்களை ஆட்களுக்கு அளவு பார்த்துக் கொடுப்பதும், ஒரு வாரம் கழித்து அவை திரும்பி வரும்போது என்ன உடைந்திருக்கிறது என்று பார்ப்பதும் என் தொழிலாக இருந்தது. எழுபது வயதுக்காரர்கள் அந்த ஆற்றை முழுதாக ஓடி முடித்துச் சிரித்துக்கொண்டு வந்து சைக்கிளை ஒப்படைத்ததை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். முப்பது வயதுப் பெடியன்கள் கையில் கட்டோடு வந்ததையும் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பி ஏற்றத்துக்குப் பயப்படுகிறார். நான் பயப்படுவது இறக்கத்துக்கு. அதைப்பற்றிக் கீழே கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன்.

முதலில் இடத்தின் அமைப்பு. மோசல் பள்ளத்தாக்கு மலைநாடு என்பது சரி, ஆனால் எங்கள் பதுளை, நுவரெலியா மாதிரி ஏறி ஏறிப் போகும் மலைநாடு இல்லை. மேலே ஒரு பெரிய மேட்டு நிலம். அதை ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. வடமேற்குக் கரைக்கு மேலே ஐஃபல் என்ற மேடு, தென்கிழக்குக் கரைக்கு மேலே ஹுன்ஸ்ரூக் என்ற மேடு. நீங்கள் ஓடப்போவது அந்த வெட்டின் அடியில், தண்ணீருக்குப் பக்கத்தில். திரியர் நகரிலிருந்து கொப்ளென்ஸ் வரை சைக்கிள் பாதை சுமார் 200 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் ஆறு இறங்குவது எழுபது மீட்டர் அளவுதான். ஆகவே பாதை ஏறக்குறைய எங்கள் வாவிக்கரை வீதி மாதிரி. தார் போட்டது, பெரும்பகுதி வாகனங்களிடமிருந்து பிரிந்தது. சில ஊர்களில் மட்டும் கார் வீதியோடு சேர்ந்து ஓட வேண்டும்.

இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர்கோடு போட்டால் 100 கிலோமீட்டர்கூட இல்லை. மிச்சமெல்லாம் வளைவு. எல்லர் என்ற ஊரில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடி கொஹெம் நகரில் வெளியே வருகிறது. 1879 இல் திறந்த சுரங்கம் அது. அதே இரண்டு ஊருக்கும் ஆற்றோடு போனால் 20 கிலோமீட்டருக்கு மேல். சுரங்கம் மிச்சம் பிடித்த அந்தத் தூரம்தான் சைக்கிளில் போகிறவருக்குக் கிடைக்கும் அழகு. காலையில் உங்கள் முகத்தில் அடித்த வெயில் பத்து மணிக்கு முதுகில் அடிக்கும். முன்னுக்குத் தெரிந்த கோட்டை பின்னுக்குப் போய், திரும்பவும் வலது பக்கத்தில் வந்து நிற்கும்.

காற்றைப்பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே அடிக்கடி வீசுவது மேல்காற்று, தென்மேற்கிலிருந்து வருவது. எங்கள் கச்சான் காற்று வரும் திசைதான், ஆனால் கச்சான் மாதிரி உலர்த்திச் சுடாது, குளிராக மழையையும் கூட்டிக்கொண்டு வரும். திரியரிலிருந்து கொப்ளென்ஸ் வடகிழக்காக இருப்பதால் அந்தத் திசையில் ஓடினால் காற்று பெரும்பாலும் உங்களைத் தள்ளும். அதனால் தம்பி வீட்டிலிருந்து ஆற்றுக்கு எதிராக ஓட வெளிக்கிடாதீர்கள். சைக்கிளை ரயிலில் ஏற்றித் திரியருக்குப் போய், அங்கிருந்து வீட்டை நோக்கி ஓடி வாருங்கள். களைத்தாலும் நீங்கள் போய்க்கொண்டிருப்பது வீட்டுக்குத்தான் என்ற எண்ணம் கடைசி இரண்டு நாளில் எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியும்.

அப்படியென்றால் மலை எங்கே? இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில்தான் திராட்சை. சமநிலத்தில் அல்லாமல் ஏன் அவ்வளவு செங்குத்தில் நட்டார்கள் என்று நானும் முதலில் யோசித்தேன். மோசல் 50 பாகை வடக்கில் இருக்கிறது. திராட்சைக்கு அது குளிரான எல்லை. தெற்குப் பார்த்த சரிவில் வெயில் நேராக விழும். சரிவில் கிடப்பது கருஞ்சாம்பல் நிறத் தட்டைக் கல். சின்ன வயதில் நாங்கள் எழுதிய சிலேட்டு இருக்கிறதல்லவா, அதே கல்தான். பகலில் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கும். மாலை ஆறு மணிக்கு ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், அடுப்பில் இருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான தோசைக்கல் மாதிரி இளஞ்சூடாக இருக்கும். ரீஸ்லிங் என்ற திராட்சை அந்தச் சூட்டை நம்பி வாழ்கிறது. செங்குத்தான தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனிக் கம்பு நட்டிருப்பார்கள். எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் ஞாபகம் வரும். பிரெம் என்ற ஊருக்கு மேலே கல்மொண்ட் என்று ஒரு தோட்டம், சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் சரிவு. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான தோட்டங்களில் ஒன்று. அங்கே உழவு இயந்திரம் நிற்காது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சின்ன மோட்டார் வண்டியில்தான் ஆளும் கூடையும் போகும்.

அந்தத் தோட்டங்களுக்கு இடையே கொங்கிறீற் பாதைகள் மேலே போவது தெரியும். பார்க்க ஆசையாக இருக்கும். ஏறாதீர்கள், அப்படி ஏறிவிட்டால் ஓடி இறங்காதீர்கள். அவை சைக்கிளுக்குப் போட்ட பாதைகள் இல்லை, தோட்டக்காரரின் வண்டிக்குப் போட்டவை. நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் உயரும் துண்டுகள் அதில் சாதாரணம். எங்கள் பட்டறைக்கு முறிந்த ஹாண்டிலோடு வந்த சைக்கிள்களில் பலவும் அந்தக் கொங்கிறீற்றிலிருந்து வந்தவைதான்.

இறக்கத்தைப்பற்றி நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். போன முதல் வருடம், ஹுன்ஸ்ரூக் மேட்டிலிருந்து பைல்ஸ்டைன் என்ற சின்ன ஊருக்கு இறங்கினேன். மட்டக்களப்பில் பிரேக் என்பது மாடு குறுக்கே வந்தால் பிடிப்பதற்கு. தொடர்ந்து நாலைந்து கிலோமீட்டர் பிடிக்க வேண்டிய ஒரு வீதியை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. பயத்தில் இரண்டு பிரேக்கையும் மெதுவாக, ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் இறப்பர் கருகும் மணம். இறங்கி நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டுவிரல் நுனி கொப்பளித்துவிட்டது. நான் விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்கும்போதே பின் டியூப் வெடித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது வெடித்திருந்தால் பக்கத்தில் இருந்த கம்பி வேலிக்குள் போயிருப்பேன். விடாமல் உரசினால் சூடு ரிம்மிலிருந்து டியூபுக்கு இறங்கும், காற்று விரியும், வெடிக்கும். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் எனக்கு அதை முன்பே ஒருவரும் சொல்லித்தரவில்லை.

செய்ய வேண்டியது இது. வளைவு வருமுன், நேரான துண்டிலேயே இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு முழுதாக விட்டுவிடுங்கள், ரிம் காற்றில் ஆறட்டும். திரும்பவும் பிடியுங்கள், விடுங்கள். வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை இறுக்காதீர்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், பாரம் கொஞ்சம் பின்னுக்கு, கண் சில்லுக்கு முன்னால் அல்ல, வளைவு முடியும் இடத்தில். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் டியூப் வெடிக்கும் ஆபத்து இல்லை, ஆனால் அதுவும் சூடாகும், பிடித்து விடுகிற முறை ஒன்றுதான். பயமாக இருந்தால் இறங்கி உருட்டுங்கள். அங்கே அதை யாரும் குறைவாகப் பார்க்கமாட்டார்கள்.

கையில் எந்தப் பிரேக் எது என்பதிலும் கவனம். ஜேர்மனியில் வழக்கமாக இடது கை முன் சில்லுக்கு, வலது கை பின் சில்லுக்கு. உங்கள் சைக்கிளில் மாறி இருந்தால் அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். கடையிலேயே முன் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஒவ்வொரு பிடியாக அமத்திப் பாருங்கள். அங்கே வாடகைச் சைக்கிள்கள் பலவற்றில் இன்னொரு வேலையும் உண்டு: பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின் சில்லு நிற்கும். நாங்கள் சும்மா ஓடும்போது பெடலைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டு வருவோமல்லவா, அங்கே அப்படிச் சுற்றினால் வண்டி அப்படியே நின்றுவிடும். இலங்கையிலிருந்து வந்த எத்தனையோ பேர் முதல் பத்து நிமிடத்தில் இதில் தடுமாறியதைக் கண்டிருக்கிறேன்.

பிறகு, வலது பக்கம். வாகனங்கள் நிறைந்த வீதியில் நீங்கள் பிழை விடமாட்டீர்கள், மற்றவர்களைப் பார்த்து ஓடுவீர்கள். பிழை வருவது காலையில் ஒரு பாண் கடையிலிருந்து வெளியே வந்து, ஒருவரும் இல்லாத வீதியில் ஏறும்போது. கால் தானாக இடது பக்கம் கொண்டுபோகும். ஒவ்வொரு முறை நிறுத்தி ஏறும்போதும் 'வலது' என்று வாயால் சொல்லிவிட்டு ஏறுங்கள். ஊர்களுக்குள் அடையாளப் பலகை எதுவும் இல்லாத சந்தி வந்தால் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை. அது சின்ன ஒழுங்கையாக இருந்தாலும் அப்படித்தான்.

சரி, கோட்டைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். அவை எல்லாம் உச்சியில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினால் மூன்றாம் நாள் முழங்கால் பேசும். சைக்கிளை ஆற்றங்கரையில் பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். அதிலும் வகை பார்த்துத் தெரிவு செய்தால் மூன்று போதும்: ஒருபோதும் உடையாதது ஒன்று, உடைந்தபடி விட்டது ஒன்று, உடைந்து திரும்பக் கட்டியது ஒன்று. 1688 முதல் 1697 வரை நடந்த போரில் பிரெஞ்சு அரசன் 14ஆம் லூயியின் படை இந்தப் பக்கத்தில் கோட்டை கோட்டையாக எரித்துக்கொண்டு போனது. கொஹெம் கோட்டை 1689 இல் அப்படிப் போனதுதான். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு இடிபாடாகக் கிடந்ததை 1868 இல் பெர்லினைச் சேர்ந்த ரவனே என்ற வணிகர் வாங்கி, தன் காலத்து ரசனைப்படி திரும்பக் கட்டினார். இன்று படங்களில் நீங்கள் பார்க்கும் அந்தக் கூர்க்கோபுரங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. அழகுதான், ஆனால் பழையது என்று நினைத்துப் பார்க்க வேண்டாம். பேர்ன்காஸ்டல் என்ற ஊருக்கு மேலே நிற்கும் லாண்ட்ஸ்ஹூட் கோட்டை 1692 இல் தீப்பிடித்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் மதிலில் இருந்து பார்த்தால் ஆற்றின் வளைவு முழுதும் ஒரே பார்வையில் விழும்.

உடையாதது எல்ட்ஸ். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள். ஆற்றிலிருந்து இது தெரியாது. மோசல்கேர்ன் என்ற ஊரில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, எல்ஸ்பாக் என்ற ஓடையின் கரையோடு காட்டுக்குள் நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். ஓடைச் சத்தமும் ஈரமான இலை மணமும் தவிர ஒன்றும் இருக்காது. கோட்டை எங்கேயோ தப்பிவிட்டது என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில், மரங்களுக்கு மேலே ஒரு பாறையில் கூரைகளும் கோபுரங்களுமாக அது நிற்கும், மூன்று பக்கமும் ஓடை சுற்றியபடி. எல்ட்ஸ் குடும்பத்தின் பெயர் 1157 ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் வருகிறது. இன்றும் அதே குடும்பத்திடம்தான் கோட்டை இருக்கிறது, முப்பது தலைமுறைக்கு மேல். யூரோ வருமுன் இருந்த 500 மார்க் தாளில் அச்சடித்திருந்தது இந்தக் கோட்டையைத்தான். 1330களில் திரியரின் பேராயர் பால்டுவின் இதைப் பணியவைக்க, எதிர் மேட்டில் சின்னதாக இன்னொரு கோட்டை கட்டி அங்கிருந்து கல்லெறிந்தார். அந்தச் சின்னக் கோட்டையின் இடிபாடும் அங்கே இருக்கிறது. குளிர்காலத்தில் எல்ட்ஸ் மூடியிருக்கும், நீங்கள் போகும் செப்டெம்பரில் திறந்திருக்கும்.

எங்கள் ஊர்க் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு இவற்றைப் பார்த்தால் இன்னும் விளங்கும். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய கோட்டை தண்ணீர் மட்டத்தில் நிற்கிறது. 1638 இல் ஒல்லாந்தர் கண்டி அரசனோடு சேர்ந்து அதைப் பிடித்தபோது, ஜேர்மனியில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கே வாவியின் வாயைப் பார்த்துக்கொள்ளக் கட்டினார்கள், அங்கே ஆற்றைப் பார்த்துக்கொள்ளக் கட்டினார்கள். தண்ணீரில் போகும் சரக்குத்தான் இரண்டு இடத்திலும் காரணம். இதை நேரே பார்க்க ஒரு நாள் மிஞ்சினால், கொப்ளென்ஸிலிருந்து ரைன் ஆற்றுப் பக்கம் ரயிலில் கௌப் என்ற ஊருக்குப் போங்கள். ஆற்றின் நடுப்பாறையில் கப்பல் மாதிரி ஒரு கோட்டை நிற்கும். ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் என்று பெயர். படகுகளை மறித்துச் சுங்கம் வாங்குவதற்கென்றே 14ஆம் நூற்றாண்டில் கட்டியது, 19ஆம் நூற்றாண்டு வரை வாங்கினார்கள். திரும்பி வரும் வழியில் பிரௌபாக் ஊருக்கு மேலே மார்க்ஸ்பூர்க் இருக்கிறது. அந்த ரைன் பள்ளத்தாக்கில் ஒருபோதும் அழிக்கப்படாத மலைக்கோட்டை அது. பள்ளத்தாக்கின் 65 கிலோமீட்டர் நீளத்தை 2002 இல் உலக மரபுரிமை இடமாக அறிவித்தார்கள்.

வைன் குடிக்காத உங்களுக்கு அங்கே என்ன என்று கேட்டீர்கள். செப்டெம்பர் கடைசியில் ரீஸ்லிங் அறுவடை தொடங்கும். எங்கள் வயல் வெட்டுக் காலம் மாதிரி ஊர் முழுக்க வேலையாக இருக்கும், பழரச மணம் ஒழுங்கைகளில் நிற்கும். தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே வருடத்தில் நாலு மாதம் வரை சாப்பாட்டுக்கடை போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாசலில் ஒரு கட்டு இலையோ துடைப்பமோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். போய் உட்காருங்கள், திராட்சைச் சாறு கேளுங்கள், அதே தோட்டத்துப் பழத்தில் பிழிந்ததாக இருக்கும். ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அந்த மாதங்களில் ஃபேடர்வைசர் என்று கலங்கலான, இனிப்பான ஒரு பானம் விற்பார்கள். சாறு மாதிரித்தான் இருக்கும், ஆனால் புளிக்கத் தொடங்கியது. பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம்தான். மோசலுக்கே உரிய சிவப்புச் சதைப் பீச் பழம் ஒன்றும் அந்தக் காலத்தில்தான் பழுக்கும். அதில் செய்த ஜாமை வாங்கிப் பாணில் பூசிப் பாருங்கள்.

திராட்சையோடு சேர்ந்தது, ஆனால் குடியோடு சேராதது இன்னொன்று. பேர்ன்காஸ்டலின் அக்கரையில் கூஸ் என்ற ஊர். அந்த ஊரில் பிறந்து கர்தினாலாக உயர்ந்த நிக்கொலாஸ் என்ற தத்துவ அறிஞர், 1458 இல் தன் சொத்தை எழுதி வைத்து முதியோர் விடுதி ஒன்றை நிறுவினார். இயேசு உலகில் வாழ்ந்த வருடங்களின் கணக்கில் 33 பேருக்கு இடம். விடுதியின் செலவுக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிக் கொடுத்தார். இன்றும் அங்கே முதியவர்கள் வாழ்கிறார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் உள்ள நூலகமும் அதே கட்டடத்தில். கோயிலுக்கு வயல் எழுதிவைக்கும் வழக்கம் தெரிந்த எங்களுக்கு அந்த முற்றத்தில் நிற்கும்போது அந்நியமாகவே தோன்றாது. அதேபோல ஊர்களின் பழைய வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். கோடு கீறி 1784, 1993 என்று வருடம் எழுதியிருப்பார்கள். வெள்ளம் வந்து நின்ற உயரம் அது. சிலது உங்கள் தலைக்கு மேலே இருக்கும். மார்கழி வெள்ளம் கண்டவர்களுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது? ஒரு நாளுக்கு 35 கிலோமீட்டர் என்று வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு போய் வந்தால் 50 தாண்டும், அதைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு மலை நடையும், நின்று பார்க்கும் நேரமும், ஏழு நாள் தொடர்ச்சியும் இருக்கின்றன. களைத்தால் ரயில் எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. திரியரிலிருந்து கொப்ளென்ஸ் போகும் ரயில் ஆற்றை விட்டு விலகி உள்ளே போய், புல்லாய் என்ற ஊரில்தான் திரும்பவும் ஆற்றோடு சேர்கிறது. நடுவில் பேர்ன்காஸ்டல் பக்கத்தில் ரயிலே இல்லை. அந்தத் துண்டில் களைத்துப் போனால், பருவகாலத்தில் சைக்கிள்களை இழுவையில் ஏற்றி ஓடும் பஸ் இருக்கிறது. இடம் முன்பதிவு செய்து வைக்க வேண்டும். புல்லாயிலிருந்து கீழே ரயில் நிலையங்கள் அடுத்தடுத்து இருப்பதால் கவலையில்லை. உள்ளூர் ரயில்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு சைக்கிளைக் கொண்டுபோவது சுலபம். கட்டண விதிகள் மாறக்கூடியவை, அதைத் தம்பியிடம் அந்த வாரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே சாப்பாட்டுச் சாமான் வாங்கி வையுங்கள்.

பற்றரிச் சைக்கிள் எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 25 கிலோமீட்டர் வேகம் வரை உதவும் வகைக்கு அங்கே அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் ஆற்றங்கரைக்கு அது வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். இருபத்தைந்து கிலோ பாரம், ரயில் படியில் தூக்க ஏலாது, இறக்கத்தில் அந்தப் பாரமும் சேர்ந்து தள்ளும். கியர் நிறைய உள்ள சாதாரணச் சைக்கிள் போதும். முழங்காலில் ஏற்கெனவே நோ இருந்தால் மட்டும் கதை வேறு. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், சைக்கிள் திருத்துகிற நான் இல்லை. மலையில் ஓடிய சுகமும் வேண்டும், ஏறவும் ஏலாது என்றால் ஒரு வழி இருக்கிறது. டௌன் என்ற ஐஃபல் ஊருக்குச் சைக்கிளோடு பஸ்ஸில் ஏறிப் போங்கள். அங்கிருந்து பேர்ன்காஸ்டல் வரை 58 கிலோமீட்டர், பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ரயில் செங்குத்தில் ஏறாதல்லவா, அதனால் இறக்கம் மிக மெதுவானது. உயரமான பாலங்களும் சுரங்கங்களும் வழியில் வரும். அன்றைக்கு மட்டும் 35 கணக்கைத் தாண்டலாம். இறக்கம் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இப்போதிருந்து செய்யக்கூடியதும் இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்கு, காற்றுக்கு எதிராக, இலேசான கியரில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். ஏற்றத்தில் கால் படும் பாடு அதுதான். மெதுவாக, மூச்சு வாங்காமல், கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மிதிக்கப் பழகுவதுதான் மலை ஓட்டம். பிறகு கரியரில் பத்துக் கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு ஓடுங்கள், பாரத்தோடு வளைவில் வண்டி எப்படி ஆடும் என்று கைக்குத் தெரிய வேண்டும். உண்மையான இறக்கம் ஒன்று வேண்டுமென்றால், ஒரு ஞாயிறு அதிகாலையில் சைக்கிளைச் சின்னப் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் போங்கள். தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு, லொறிகள் கிளம்புமுன். ஒரு கிலோமீட்டர் இறங்கி, பிடித்து விடும் முறையை நாலைந்து தரம் செய்து பார்த்தால் போதும். பயணக் காப்புறுதி விசாவுக்கு எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். அதில் சைக்கிள் விபத்து அடங்குகிறதா என்பதை மட்டும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. முழங்கால் நோவென்று திரும்பி வந்தவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் மலையல்ல, சீட்டு உயரம். இங்கே நாங்கள் கால் நிலத்தில் முழுதாகப் படும் உயரத்தில் வைத்து ஓடுகிறோம், அது பக்கத்துச் சந்தைக்குச் சரி. குதிக்காலைப் பெடலில் வைத்துக் கீழே அமத்தும்போது முழங்கால் முழுதாக நீள வேண்டும், அதுதான் நீண்ட தூரத்துக்கு உரிய உயரம். வெளிக்கிடுமுன் ஒரு நாள் சைக்கிளோடு கல்லடிக்கு வாருங்கள், என் கடை, நகரப் பக்கமிருந்து வந்தால் பாலம் முடிந்ததும் இடது பக்கம். சரியான உயரத்தில் வைத்து ஓடவிட்டுப் பார்த்து, பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பக்கம் வரை எத்தனை சென்ரிமீற்றர் என்று ரேப் பிடித்து எழுதித் தருகிறேன். அந்தத் துண்டைப் பாஸ்போட்டுக்குள் வைத்துக்கொண்டு போய், வாடகைக் கடையில் கொடுத்து அதே அளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள்.